வெங்காயம் கொண்டு போனவர்

மாலத்தீவு என்றதும் எல்லோர் மனசிலும் வருவது ஒரே படம்தான். நீலக் கண்ணாடி மாதிரி தண்ணீர். அதன் மேல் மரக்கால் ஊன்றி நிற்கிற ஓலைக் குடிசைகள். குடிசை என்று நாம்தான் சொல்ல வேண்டும். உள்ளே கண்ணாடித் தரை, கடலைப் பார்த்தபடி குளியல் தொட்டி, மணியடித்தால் ஓடி வருகிற பணியாள். ஒரு ராத்திரிக்கு ஐந்நூறு டாலர் என்றால் அது மலிவு ரகம். விமான நிலையத்திலிருந்து அந்தக் குடிசை வாசல் வரை கொண்டு போய் இறக்கிவிடுகிற குட்டி விமானத்துக்கே, நாம் திருவனந்தபுரத்திலிருந்து மாலே போய் வருகிற டிக்கெட்டைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

“அதெல்லாம் சினிமாக்காரங்க ஹனிமூன் போற இடம் சார்” என்பார் எங்கள் தெரு இஸ்திரிக்காரர்.

நாங்கள் 2018 ஜனவரியில் போய் வந்தோம். நான், மனைவி, மாமனார். மூன்று பேர், நாலு ராத்திரி. விமான டிக்கெட், அறை, சாப்பாடு, வரி, படகு, ஒருநாள் பவளப்பாறை பார்த்தது, எல்லாம் சேர்த்து அறுபத்து மூவாயிரம் ரூபாய். ஊட்டிக்கு சீசனில் குடும்பத்தோடு போய் வந்தவர்கள் தங்கள் கணக்கை ஒரு தடவை எடுத்துப் பார்த்துக் கொள்ளலாம்.

போகலாம் என்று சொன்னது நானோ மனைவியோ இல்லை. மாமனார். அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. தூத்துக்குடிக்காரர். இளவயதில் தோணியில் வேலை பார்த்தவர். தோணி என்றால் ஏதோ ஆற்றைக் கடக்கிற ஓடம் என்று நினைத்துவிட வேண்டாம். நூற்றுக்கணக்கான டன் சரக்கு ஏற்றிக் கொண்டு, பாய் விரித்து, கொழும்புக்கும் மாலிக்கும் போய் வந்த மரக்கலங்கள் அவை. மாலே என்று உலகம் சொல்வதைத் தூத்துக்குடியில் மாலி என்றுதான் சொல்வார்கள். 1970-களின் ஆரம்பத்தில் மாமா மூன்று நடை மாலிக்குப் போயிருக்கிறார். போகும்போது வெங்காயம், வத்தல், ஓடு. வரும்போது மாசி.

“காத்து வாக்கா இருந்தா அஞ்சு நாள் மாப்ள. இல்லன்னா எட்டு, ஒம்பது. ஒருக்கா பாய் கிழிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. தண்டல் வச்சிருந்த தண்ணியெல்லாம் தீந்துபோச்சு.” தண்டல் என்றால் தோணியின் கேப்டன். இந்தக் கதையை என் கல்யாணமான வருஷத்திலிருந்து கேட்டுக் கொண்டிருக்கிறேன். கிழிந்த பாயின் நீளம் மட்டும் வருஷா வருஷம் கூடும்.

மாமியார் போன பிறகு மனிதர் ரொம்ப அடங்கிவிட்டார். டி.வி.யில் எதையோ பார்த்துக் கொண்டிருந்தவர், ஒருநாள் மாலத்தீவைக் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்து, “அந்த ஊர இன்னொருக்கா பாத்துட்டா போதும்” என்றார். எதையும் கேட்காதவர் கேட்டுவிட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் இன்டர்நெட்டைத் திறந்தேன்.

கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அறுபத்து மூவாயிரத்தின் ரகசியம் புரியாது.

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். அதில் ஜனங்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவு. 1972-ல் முதல் சுற்றுலா விடுதி திறந்தார்கள். பெயர் குரும்பா. அந்த ஊர் பாஷையான திவேஹியில் குரும்பா என்றால் இளநீர்க்காய். நம் குரும்பை, குரும்பட்டிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா பையன். அவர்கள் படகுக்கும் தோணி என்றுதான் பெயர். அதன்பிறகு வந்ததெல்லாம் ஒரே சூத்திரம்: ஒரு தீவுக்கு ஒரு விடுதி. ஆள் இல்லாத தீவாகப் பார்த்துக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். வெள்ளைக்காரர் விமானத்தில் வந்து இறங்குவார், படகில் ஏறுவார், அந்தத் தீவில் பத்து நாள் கிடப்பார், திரும்பிப் போவார். மாலத்தீவுக்காரன் ஒருத்தன் வீட்டுத் திண்ணையைக்கூட அவர் பார்க்க மாட்டார். உள்ளூர்க்காரன் அந்தத் தீவுக்குள் நுழைய வேண்டுமென்றால் யூனிஃபார்ம் போட்டிருக்க வேண்டும். குடியும் நீச்சலுடையும் முஸ்லிம் கிராமங்களுக்குள் வரக்கூடாது என்று சொன்ன காரணம் நியாயமாகவே தோன்றும். காசும் கிராமங்களுக்குள் வராமல் போனது அதோடு சேர்ந்து வந்த பலன்.

முப்பத்தேழு, முப்பத்தெட்டு வருஷம் இப்படியே ஓடியது. முகமது நஷீத் 2008-ல் ஜனாதிபதியான பிறகுதான், ஜனங்கள் வசிக்கிற தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். கடல்மட்டம் உயர்ந்தால் எங்கள் நாடே முழுகிவிடும் என்று காட்ட, 2009 அக்டோபரில் மந்திரிசபைக் கூட்டத்தைக் கடலுக்கு அடியில் நடத்தினாரே, அவர்தான். முதலில் கதவு திறந்த தீவுகளில் ஒன்று மாஃபுஷி. நாங்கள் போனது அங்கேதான்.

மாஃபுஷிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நாட்டின் பெரிய சிறைச்சாலை அங்கேதான் இருக்கிறது. 2015-ல் நஷீதுக்கே தண்டனை விதித்து, அந்தச் சிறையில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். சுமார் ஒண்ணேகால் கிலோமீட்டர் நீளமே உள்ள தீவு. ஒரு முனையில் டூரிஸ்ட், ஒரு முனையில் கைதி. கதவைத் திறந்துவிட்டவர் அதே தீவில் கதவுக்குப் பின்னால்.

புதன்கிழமை காலையில் திருவனந்தபுரத்தில் விமானம். இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் குத்தித் தருகிறார்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மது கொண்டு போகக்கூடாது, பன்றி இறைச்சி கூடாது, வழிபாட்டுச் சிலைகளும் கூடாது. மனைவியின் கைப்பையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பித்தளைப் பிள்ளையாரைத் திருவனந்தபுரத்தில் உறவினர் வீட்டில் இறக்கி வைத்தோம். “பழவங்காடிக் கணபதி பக்கத்துலயே இருக்கார். அவருக்குப் பொழுது போகும்” என்று மாமா சமாதானம் சொன்னார்.

ஒண்ணேகால் மணி நேரம்கூட ஆகவில்லை. காபி கொடுத்து, கப்பைத் திரும்ப வாங்குவதற்குள், ஜன்னலுக்குக் கீழே யாரோ பச்சை வளையல்களை நீலத் துணியில் கொட்டிவிட்ட மாதிரி தெரிந்தது. மாமா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக் கொண்டிருந்தார்.

“ஒம்பது நாளு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

விமான நிலையம் தனித் தீவு. மாலே நகரம் எதிரே. 2018 ஆகஸ்டில் இரண்டுக்கும் நடுவே பாலம் திறந்துவிட்டார்கள். இப்போது பஸ்ஸே போகிறது. நாங்கள் போனபோது பாலத்தின் தூண்கள் கடலுக்குள் நின்றிருந்தன. படகுதான். ஆளுக்குப் பத்து ரூஃபியா, அன்றைய கணக்கில் நாற்பது ரூபாய் சொச்சம். பத்து நிமிஷம்.

மாலேயில் கால் வைத்ததும் மாமா திகைத்துவிட்டார். அவர் பார்த்த மாலியில் வெள்ளை மணல் தெருக்கள், பவளக்கல் சுவர்கள், உயரம் என்று பார்த்தால் தென்னை மட்டும்தானாம். இப்போது தி.நகரைப் பெயர்த்து ஒரு தாம்பாளத்தில் வைத்த மாதிரி இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் நீளத்தில் லட்சத்துக்கு மேல் ஜனம், பத்து மாடிக் கட்டடங்கள், இடுப்பை உரசிக்கொண்டு போகிற ஸ்கூட்டர்கள். “இது இல்ல மாப்ள. வேற ஊருக்கு வந்துட்டோம்” என்றார். டாக்ஸி வேண்டாம், நடக்கலாம் என்று சிக்கனத்தை முன்னிட்டு நான் முடிவு செய்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு திருப்பத்தில் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் வந்தது. 1658-ல் பவளக்கல்லைச் செதுக்கிக் கட்டியது. அதன் வாசலில் உருண்டையாக, வெள்ளை வெளேரென்று ஒரு மினார்.

மாமா நின்றுவிட்டார். “இதுதான்! கடல்ல இருந்து மொதல்ல இதுதான் தெரியும். இதப் பாத்துட்டுத்தான் தண்டல் பாய இறக்கச் சொல்லுவாரு.” அந்த மினாரை ஒரு முழு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார். சுற்றியிருக்கும் கட்டடங்களுக்கு நடுவே அது இப்போது கடலிலிருந்து தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நான் அதைச் சொல்லவில்லை.

மார்க்கெட்டைக் கடக்கும்போது வெங்காய மூட்டை ஒன்றைக் கண்டு, ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். “நாசிக் சரக்கு” என்று வைத்துவிட்டார். கடைக்காரப் பையன் இவர் விலை கேட்கப் போகிறார் என்று எழுந்து வந்தான், பாவம்.

அப்போது மாஃபுஷிக்கு இரண்டு வழி. ஸ்பீட் போட் என்றால் அரை மணி, முக்கால் மணி நேரம்; இருபது, இருபத்தைந்து டாலர். அரசாங்க ஃபெர்ரி என்றால் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். இரண்டு மூன்று டாலருக்குள் முடிந்துவிடும். மாலேயின் தென்மேற்கு மூலையில் இருந்து மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பும். வெள்ளிக்கிழமை கிடையாது. எங்கள் பட்ஜெட்டுக்கு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஃபெர்ரிக்கு நான் இருபது டாலர்கூடக் கொடுத்திருப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிற கிழவிகள், வாஷிங் மெஷின், முட்டை அட்டைகள், ஒரு சைக்கிள், வங்காளதேசத் தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், முதுகில் மூட்டையோடு இரண்டு ரஷ்யப் பெண்கள், நாங்கள். தீவுக்கூட்டங்களுக்கு நடுவே கால்வாய் மாதிரி ஆழ்கடல் வரும்போது படகு குதிக்க ஆரம்பித்தது. மனைவி என் கையைப் பிடித்துக் கொண்டாள். ரஷ்யப் பெண்களில் ஒருத்தி பிளாஸ்டிக் பை கேட்டாள். மாமா மட்டும் எழுந்து, எதையும் பிடிக்காமல், நடந்து முன்னால் போனார். சுக்கானில் ஓர் இளைஞன். கையில் போன், காலால் சுக்கானைப் பிடித்திருந்தான். மாமா அவன் பக்கத்தில் போய் நின்று, அவன் காலையே பார்த்துக் கொண்டிருந்தார். திரும்பி வந்து சொன்னார்: “பய நல்லாத்தான் ஓட்டுதான். எங்க தண்டலும் கஞ்சி குடிக்கும்போது கால்லதான் பிடிப்பாரு.”

வழியில் அந்தக் காலண்டர் படம் நிஜமாகவே வந்தது. தண்ணீருக்கு மேல் வளைந்து போகிற வரிசையில் ஓலைக் குடிசைகள். மனைவி போட்டோ எடுத்தாள். “கோழிக்கூடு மாதிரியில்லா இருக்கு” என்றார் மாமா.

எங்கள் அறை மூன்று பேருக்கு அறுபது டாலர். காலைச் சாப்பாடு அதில் அடக்கம். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ், வரி, அப்புறம் பசுமை வரி என்று ஆளுக்கு ராத்திரிக்கு மூன்று டாலர். இந்தப் பசுமை வரியை 2025-லிருந்து சின்ன கெஸ்ட் ஹவுஸ்களில் ஆறு டாலராக்கிவிட்டார்கள். போகிறவர்கள் கணக்கில் சேர்த்துக் கொள்ளவும். காலையில் மாஸ் ஹூனி வரும். டியூனா மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள ரோஷி. ரோஷி என்பது நம் ரொட்டிதான். மீன் சாப்பிடாதவர்கள் ஊறுகாய் பாட்டிலும் தைரியமும் கொண்டு போக வேண்டும். நாங்கள் மூன்று பேரும் மீன் சாதி என்பதால் கவலையில்லை. மாமா முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

மாஃபுஷியின் கடற்கரையைப் பற்றி விலாவாரியாகச் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு கடற்கரை. ஒன்று பிகினி பீச். பெயரே அதுதான், போர்டு வைத்திருக்கிறார்கள். தட்டி வைத்து மறைத்த ஒரு துண்டுக் கரை. அதற்குள் வெளிநாட்டவர் இஷ்டப்படி இருக்கலாம். தட்டியைத் தாண்டித் தெருவுக்கு வந்தால் தோளும் தொடையும் மூடியிருக்க வேண்டும். இன்னொன்று, ஊர்க்காரர்கள் குளிக்கிற கரை. சாயங்காலமானால் பெண்கள் தலைமுக்காடு, முழுக்கை உடுப்பு சகிதம், குழந்தைகளோடு கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள்.

மனைவி இதைப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது நம்ம திருச்செந்தூர்ல குளிக்கற மாதிரியேல்ல இருக்கு!” என்றாள். முப்பது வருஷமாக எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முட்டி வரை நனைத்துவிட்டுத் திரும்புகிறவள். அன்றைக்குச் சுடிதாரோடு இறங்கினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெண் தன் கைக்குழந்தையை இவளிடம் கொடுத்துவிட்டு முக்கு போட்டு எழுந்தாள். இருட்டும் வரை வரவேயில்லை. அந்த ஐந்நூறு டாலர் குடிசையில் என் மனைவிக்கு இது கிடைத்திருக்காது. அங்கே சுடிதாரோடு இறங்கினால் இவள்தான் வேடிக்கைப் பொருள்.

மாமா சாரமும் பனியனுமாக, தெரியாமல் பிகினி பீச்சுக்குள் நடந்து போய், போன வேகத்தில் திரும்பி வந்தார். “அங்க ஒண்ணும் இல்ல மாப்ள” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை பவளப்பாறை பார்க்கப் போனோம். ஆளுக்கு இருபத்தைந்து டாலர். கூட வந்த வழிகாட்டிப் பையன் வங்காளதேசம். கண்ணாடியும் குழாயும் மாட்டி, மிதவைச் சட்டை போட்டுக் குப்புற மிதக்கவிட்டார்கள். மீன்கள் இருந்தன, சினிமாவில் வருகிற அத்தனை நிறத்திலும். ஆமை ஒன்று எங்களைக் கொஞ்சமும் மதிக்காமல் கடந்து போயிற்று. பவளம்தான் சாம்பல் நிறம். கடல் சூடானால் பவளம் வெளுத்துப் போகிறது. 1998-ல் ஒரு பெரிய அடி. அதிலிருந்து தேறி வந்ததற்கு 2016-ல் மறுபடியும் அடி. நாங்கள் பார்த்தது இரண்டாவது அடி விழுந்து ஒன்றரை வருஷம் ஆன பாறை. சுடுகாட்டில் பட்டாம்பூச்சி பறக்கிற மாதிரி இருந்தது. மனைவி மேலே வந்து கண்ணாடியைக் கழற்றி, “அழகாத்தான் இருக்கு. ஆனா ஏதோ மாதிரி இருக்கு” என்றாள்.

அன்று சாயங்காலம்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தோம்.

மாலத்தீவில் தெருமுனைக்குத் தெருமுனை, மரத்தடியில், இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஜோலி என்று பெயர். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு பொருத்தமான ஆசனத்தை வேறு எந்த தேசமும் கண்டுபிடிக்கவில்லை. மாமா அதில் ஒன்றில் புதைந்திருந்தார். பக்கத்தில் அவர் வயசுக்காரர் ஒருத்தர், பாக்கும் கிராம்பும் மென்றபடி. பெரியவருக்குச் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போய் வந்ததில் கொஞ்சம் மலையாளம். படம் பார்த்ததில் கொஞ்சம் இந்தி. மாமாவுக்கு மலையாளம் அரைகுறை, இந்தி சுத்தமாகக் கிடையாது. பாலம் கட்ட நான் போய் உட்கார்ந்தேன்.

எதிரே ஒரு கிலோமீட்டரோ இரண்டு கிலோமீட்டரோ தள்ளி விளக்கு எரிகிற ஒரு விடுதித் தீவு. பெரியவர் அதைக் காட்டிச் சொன்னார். சின்ன வயசில் அப்பாவோடு அங்கே போய்த்தான் தேங்காய் பறிப்பார்களாம், விறகு பொறுக்குவார்களாம். அங்கே விடுதி வந்த பிறகு ஒரு தடவைகூடப் போனதில்லை. பேரன் அங்கே படகு ஓட்டுகிறான். “போய்ப் பார்க்க வேண்டியதுதானே?” என்றேன். ஒரு நாளைக்கு உள்ளே விட நூறு டாலராம் என்று சிரித்தார். மகன் தங்கள் வீட்டை இடித்துவிட்டு ஐந்து மாடிக் கெஸ்ட் ஹவுஸ் கட்டுகிறான். கடன். இவர் இப்போது ஒரு அறையில் வாடகைக்கு. மீனுக்கு யாரும் போவதில்லை; டூரிஸ்டுகளை மீன் பிடிக்க அழைத்துப் போகிறார்கள். அதில் காசு அதிகம்.

எங்கள் அறுபது டாலர் எங்கே போகிறது என்று நான் யோசித்துக் கொண்டிருந்தபோது, பெரியவர் மாமாவிடம் கேட்டார்: “கேரளாவா?”

“இல்ல. தமிழ்.”

பெரியவரின் மெல்லுகிற வாய் நின்றது. மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வலது கையைத் துப்பாக்கி போல நீட்டி, மெதுவாக, “1988” என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாமாவுக்குப் புரியவில்லை. 1988 நவம்பர் 3. ஆட்சியைக் கவிழ்க்க நினைத்த ஒரு மாலத்தீவு வியாபாரி, இலங்கைத் தமிழ் இயக்கமான புளொட்டைச் சேர்ந்த சுமார் எண்பது பேரைக் கூலிப்படையாக அழைத்து வந்தார். விடியற்காலையில் மாலே துறைமுகத்தில் இறங்கிச் சுட்டார்கள். ஜனங்களும் செத்தார்கள். ஜனாதிபதி கயூம் ஒளிந்துகொண்டு இந்தியாவை உதவிக்குக் கூப்பிட, அன்று ராத்திரியே ஆக்ராவிலிருந்து நம் ராணுவம் போய் இறங்கியது. பாட்டு போட்டு நாம் கொண்டாடுகிற வெற்றி. பெரியவர் அப்போது மாலேயில் துறைமுகக் கூலி. விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு குழந்தைகளோடு கட்டிலுக்கு அடியில் படுத்திருந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் என்றால் முப்பது வருஷமாக அந்தச் சத்தம்.

மாமாவுக்கு நான் விளக்கிச் சொன்னேன். கேட்டுக் கொண்டார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “அவருகிட்ட சொல்லுங்க மாப்ள. நாங்க துப்பாக்கி கொண்டாந்த ஆளுக இல்ல. வெங்காயம் கொண்டாந்த ஆளுக.”

இதை அரைகுறை மலையாளத்திலும் ஓட்டை இந்தியிலும் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் மாமாவே, “தோணி... தூத்துக்குடி... பியாஸ்!” என்று கையால் பாய் விரித்துக் காட்டினார். வெங்காயத்துக்கு இந்தியில் பியாஸ் என்பது மார்க்கெட்டில் நின்ற இரண்டு நிமிஷத்தில் கற்றுக் கொண்டது. பெரியவர் முகம் மாறியது. தூத்துக்குடி என்ற பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. “தோணி?” என்றார். “தோணி” என்றார் மாமா. இரண்டு பேரும் அந்த ஒரே வார்த்தையை மூன்று நாலு தடவை மாற்றி மாற்றிச் சொல்லிக் கொண்டார்கள். அதற்கு அப்புறம் நான் தேவைப்படவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

(அதற்கும் ஆயிரம் வருஷம் முன்பு ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில், கடலில் இருக்கும் பழந்தீவு பன்னீராயிரத்தையும் வென்றதாக எழுதி வைத்திருக்கிறான். அது இந்தத் தீவுகள்தான் என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். பெரியவரிடம் நான் இதைச் சொல்லிக் கொள்ளவில்லை.)

வெள்ளிக்கிழமை ஊரே அடங்கிக் கிடந்தது. ஃபெர்ரி கிடையாது, கடைகள் தொழுகை முடிந்துதான் திறந்தன. மாமாவைக் காணவில்லை. தேடிப் போனால், தீவின் கிழக்குக் கரையில் இரண்டு பேரும் நின்று கொண்டிருந்தார்கள். கரை அரித்திருந்தது. ஒரு தென்னையின் வேர் அந்தரத்தில் தொங்கியது. மூட்டைகளில் மணல் நிரப்பி அடுக்கியிருந்தார்கள். இந்த நாட்டில் பெரும்பாலான நிலம் கடலுக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரம்கூட இல்லை. 2004 சுனாமியில் எண்பது பேருக்கு மேல் பலி. மண்ணைத் தோண்டினால் கிடைப்பது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் மழைநீர், அல்லது கடல்நீரைச் சுத்தப்படுத்தி எடுப்பது, இல்லாவிட்டால் பாட்டில். 2014 டிசம்பரில் மாலேயின் அந்த நிலையம் தீப்பிடித்தபோது நாம் விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பினோம்.

“இம்புட்டுத் தண்ணிக்கு நடுவுல பாட்டில் வாங்கிக் குடிக்காவ பாருங்க. நாங்க பன்னெண்டு நாள் பட்டத இவங்க தெனமும் படுதாவ” என்றார் மாமா. நாங்கள் மூவரும் நாலு நாளில் காலி செய்த பாட்டில்கள் அறை மூலையில் இருந்தன. எண்ணினேன். பத்தொன்பது. அதெல்லாம் படகேறி, குப்பைக்கென்றே ஒதுக்கிய திலாஃபுஷி தீவுக்குப் போகும் என்றான் விடுதிப் பையன். மலிவாக வந்தவனின் குப்பைக்கும் ஐந்நூறு டாலர்காரனின் குப்பைக்கும் போக்கிடம் ஒன்றுதான்.

சனிக்கிழமை ராத்திரி பெரியவர் அறை வாசலுக்கே வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரிக்காமலே தெரிந்தது. டியூனாவை வேகவைத்து, புகைபோட்டு, விறகுக்கட்டை மாதிரி ஆகும் வரை காயவைத்த மாசி. அறை முழுக்க அந்த வாசனை. மாமா பணம் எடுக்கப் போனார். பெரியவர் அவர் கையைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் திரும்பத் தள்ளிவிட்டார். மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. கடைசியில் தன் பெட்டியைத் திறந்து, புதுச் சாரம் ஒன்றை, மடிப்புக் கலையாதது, எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதை அங்கேயே இடுப்பில் சுற்றிப் பார்த்துக் கொண்டார்.

ஞாயிறு காலை ஏழரை மணி ஃபெர்ரியில் திரும்பினோம். திருவனந்தபுரத்தில் பிள்ளையாரைக் கூட்டிக் கொண்டோம். ஊருக்கு வருகிற பஸ்ஸில் மாசி வாசனைக்காகக் கண்டக்டர் எங்களை இரண்டு தடவை முறைத்தார்.

2024 ஜனவரியில் மாலத்தீவுத் துணை மந்திரிகள் மூன்று பேர் நம் பிரதமரைக் கிண்டல் செய்து எழுதப்போக, இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இங்கே புறக்கணிப்புப் பிரசாரம் கிளம்பியது. அதற்கு முந்தின வருஷம் இரண்டு லட்சத்துக்கு மேல் போன இந்தியர்கள் சட்டென்று குறைந்தார்கள். அதே வருஷ ஏப்ரலில் மாலத்தீவுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, மணல், ஜல்லி எல்லாம் ஏற்றுமதி செய்ய நம் அரசாங்கம் அனுமதி கொடுத்தது என்று பேப்பரில் ஒரு சின்னச் செய்தி. மாமாவுக்கு போன் செய்து படித்துக் காட்டினேன். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு.

“வெங்காயம் போகுதுல்லா?” என்றார்.

“போகுது மாமா.”

“அப்ப சரி.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: “மாப்ள, அந்த ரெண்டு ரூஃபியாக் காசு ஒண்ணு எங்கிட்ட மிச்சம் கெடக்கு. சங்குப் படம் போட்டது. நம்ம ஊருச் சங்கு இல்ல, அது வேற சாதி. அது இப்பவும் செல்லும்லா?”

“செல்லும் மாமா.”

“ஃபெர்ரிக்கு எம்புட்டு ஏத்திருக்கான்னு மட்டும் பாத்து வைங்க.”